அரசு சைக்கிளும் எட்டு வாரமும்

செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்தநாள். அதையொட்டி ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் போட்டி நடக்கிறது. நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரியில் அறிவிப்பு வரும். பலர் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். 13 வயதுக்கு உட்பட்டோர், 15 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். சின்னப் பிரிவில் மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், மாணவர்களுக்கு 15. மற்ற இரண்டு பிரிவுகளிலும் மாணவிகளுக்கு 15, மாணவர்களுக்கு 20. சமீப ஆண்டுகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000.

பரிசைவிட சுவாரஸ்யமானது இதன் விதி. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும். லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளுக்கு இங்கே வேலை இல்லை. பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசு கொடுக்கிறதே, அந்த சைக்கிள் போதும். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06-ல் எல்லாப் பிரிவினருக்குமாக விரிந்த திட்டம் அது. இன்றைக்கு அந்த சைக்கிள் நிற்காத தெருவே தமிழ்நாட்டில் இருக்காது. பல வீடுகளில் அக்காவுக்கு வந்தது தம்பிக்குப் போய், தம்பியிடமிருந்து அப்பாவுக்கே திரும்பி வந்திருக்கும்.

சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு டைல்ஸ் பட்டறையில் வேலை. அக்காவுக்கு வந்த சைக்கிளில் பத்தாம் வகுப்புத் தங்கை பள்ளிக்குப் போய் வருகிறாள். வயது பதினைந்து முடிந்துவிட்டது. 15 கிலோமீட்டர் போட்டியில் பெயர் கொடுக்க ஆசை. ஆடி பிறந்திருக்கிறது. அண்ணா பிறந்தநாளுக்கு எட்டு வாரம் இருக்கிறது.

வீட்டில் முதல் எதிர்ப்பு அப்பத்தாவிடமிருந்துதான் வரும்.

“வயசுப் புள்ள ரோட்டுல ரேஸு விடுறதாவது! கால் கையை ஒடிச்சுக்கிட்டு வந்து நின்னா யாரு பார்க்குறது?”

திருமயம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அம்மாச்சி சும்மா இருப்பாரா?

“ஏன் சம்பந்தி, நாங்க ஓட்டலயா? கைப்புள்ளைய முன்னால வச்சுக்கிட்டே ஓட்டுனோம்.”

அம்மாச்சி சொல்வதில் மிகை இல்லை. ஆத்தங்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கிவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் பொது இடங்களில் போட்டிபோட்டு ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பரவாயில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதி, அது இந்தியா முழுக்கப் படிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் ஓட்டிய பெண்களுக்கு இன்றைக்குப் பேத்தி எடுத்த வயது.

அப்பத்தா சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இனி, வேகத்துக்கு வருவோம்.

ஒரு சுற்று, ஐந்து மீட்டர்

வேகமாகப் போக வேண்டும் என்றதும் எல்லோரும் தொடையில் பலம் ஏற்ற நினைப்பார்கள். கியர் இல்லாத சைக்கிளில் கணக்கு வேறு. முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் ஃப்ரீவீலில் எத்தனை பல் என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். முன்னால் 44, பின்னால் 18 இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம் உருளும். பெருக்கிப் பார்த்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் நகர்கிறது.

இந்த ஐந்து மீட்டரை வைத்துக்கொண்டு போட்டி முழுவதையும் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 300 மீட்டர். அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். 80 சுற்று என்றால் 24 கிலோமீட்டர். 90 என்றால் 27. பள்ளிக்கு சாவகாசமாகப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டித்தான் மிதிப்பார்கள். அந்த வேகத்தில் 15 கிலோமீட்டரைக் கடக்க 50 நிமிடம் ஆகும். 80 சுற்றுக்கு வந்துவிட்டால் முப்பத்தேழரை நிமிடம். 90 சுற்றைக் கடைசிவரை பிடித்துக்கொண்டால் முப்பத்துமூன்றே கால் நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்.

வண்டி அதேதான், கியரும் அதேதான். மாறியது கால் சுற்றும் எண்ணிக்கை மட்டும்.

சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே வெலோட்ரோம் இருக்கிறது. ஓரங்கள் உயர்ந்து உள்பக்கமாகச் சரிந்த வட்டப்பாதை. அப்படிப்பட்ட பாதைகளில் ஓடும் டிராக் சைக்கிளுக்கும் கியர் மாற்றும் வசதி கிடையாது. அதற்கு பிரேக்கும் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 2018-ல் சுவிட்சர்லாந்தின் எய்கிளில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில், அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வென்றது அப்படி ஓர் ஒற்றை கியர் வண்டியில்தான். அந்த வகையில் அரசு சைக்கிள், டிராக் சைக்கிளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வேகமாகச் சுற்றப் பழகிய கால்தான் இரண்டிலும் ஜெயிக்கும்.

எண்ணிக்கையைப் பழக்குவது கஷ்டமான வித்தை அல்ல. வலது முழங்கால் மேலே வரும் தடவைகளை 15 விநாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்கினால் போதும். 20 வந்தால் 80 சுற்று. முதல் இரண்டு வாரம், காற்று முதுகில் அடிக்கும் திசையில் போகும்போது அரை நிமிடம் வேகமாகச் சுற்றுவது, இரண்டு நிமிடம் சாதாரணமாக மிதிப்பது, மறுபடி அரை நிமிடம். உடம்பு சீட்டில் துள்ளத் தொடங்கினால் அன்றைய எல்லை அது. கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சில நாள்களிலேயே துள்ளல் அடங்கி, அதே எண்ணிக்கையில் உடம்பு அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

பின்னால் 18 பல்லுக்குப் பதில் 16 பல் ஃப்ரீவீல் மாட்டிவிட்டால் ஒரு சுற்றுக்கு இன்னும் அரை மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்குமே என்று கணக்கில் புலியான அண்ணன்மார்கள் யோசனை சொல்வார்கள். கிடைக்கும். ஆனால், எதிர்காற்றில் ஒவ்வொரு மிதியும் கனக்கும். 90 சுற்று சரளமாக வராத காலுக்கு அது சுமை. போட்டி விதி அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த ஆண்டுக்கு 18 பல்லே இருக்கட்டும்.

சைக்கிள் கடையில் அரை மணி நேரம்

பயிற்சிக்கு முன்னால் சைக்கிள் கடைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

“அண்ணே, சீட்டை ஒசத்திக் குடுங்க.”

“ஒசத்துனா கால் எட்டாதே தாயி.”

“நுனிக்கால் எட்டுனாப் போதும்ணே.”

பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளில் சீட் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்ற பயத்தில் வைத்த உயரம் அது. அந்த உயரத்தில் முழங்கால் மடங்கியபடியே மிதிக்கும். பலம் வீணாகும், முட்டியும் வலிக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மிஞ்சும். ஒரே நாளில் ஏற்றிவிடாமல் விரல்கடை அளவாக இரண்டு மூன்று தடவையில் ஏற்றினால் பயமும் இருக்காது. சீட் கம்பியில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் மட்டும் இழுக்கக் கூடாது.

அடுத்தது காற்று. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவு வாரா வாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘இருக்கு இருக்கு’ என்பது கணக்கில் சேராது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் அது நெடுநேரம் சுற்ற வேண்டும். சர்ரென்று உரசி நின்றால் பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் பிரேக் பிடித்தபடியே பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். செயினைத் துணியால் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே நிற்பதை மறுபடி துடைக்க வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் செயினை அரம் போல அராவிவிடும்.

வண்டியின் கனத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. உலகச் சாலைப் போட்டிகளில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை. அரசு சைக்கிள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம். மலையேறினால் அது முதுகை ஒடிக்கும். ஆனால், சமதளத்தில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் எடையைவிடப் பெரிய எதிரி காற்று.

வேகம் கூடும்போது காற்று எவ்வளவு மோசமாகும் என்பதைப் பலர் உணர்வதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் 25-க்கு மாறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால், காற்றைக் கிழிக்கக் கொடுக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் பந்தய வீரர்கள் முதுகை வளைத்துக் குனிகிறார்கள். சாதாரணக் கைப்பிடியிலும் முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, முகத்தைத் தாழ்த்தலாம். கண் சாலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்கூடை இருந்தால் போட்டியன்று கழற்றிவிடலாம். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, ஒட்டிய சட்டையும் டிராக் பேன்ட்டும் போட்டுக்கொள்வது வேகத்துக்கும் நல்லது. செயினிலோ சக்கரத்திலோ சிக்கும் ஆபத்தும் போய்விடும்.

மெதுவாகப் போகத் தெரிய வேண்டும்

போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? தினமும் காலையில் எழுந்து, மூச்சு முட்ட ஒரே ஓட்டம். முதல் வாரம் நேரம் குறையும். இரண்டாம் வாரம் இன்னும் கொஞ்சம். மூன்றாம் வாரம் கால் கனக்கும், நேரம் அசையாது. நான்காம் வாரம் சைக்கிளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ‘எனக்கு அவ்வளவுதான் வரும்’ என்று விட்டுவிடுவார்கள். அலுவலகம் போகும் பெரியவர்கள் ஜிம்மில் மாட்டிக்கொள்வதும் இதே பொறியில்தான்.

நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், பனிச்சறுக்கு, படகு, சைக்கிள் என்று பல விளையாட்டுகளில் உச்சத்தில் இருக்கும் வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஐந்தில் நான்கு பங்கு பயிற்சியை அவர்கள் லேசான வேகத்தில்தான் செய்கிறார்கள். மிச்சம் ஒரு பங்கு, நிஜமாகவே கடுமையானது. இரண்டுக்கும் நடுவில், மூச்சு வாங்குகிற ஆனால் உச்சத்தைத் தொடாத வேகத்தில் அவர்கள் அதிகம் செலவிடுவதில்லை. நம் பிள்ளைகள் தினமும் ஓட்டுவதோ அந்த நடுவாந்தர வேகத்தில்தான்.

லேசாக நெடுநேரம் ஓட்டும்போது உடம்புக்குள் நிறைய வேலை நடக்கிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. சக்தி தயாரிக்கும் நுண்ணிய அடுப்புகள் தசை அணுக்களுக்குள் பெருகுகின்றன. இதற்கெல்லாம் களைப்பு அதிகம் இல்லாத, நீண்ட நேரம் வேண்டும். அந்த அடித்தளம் இருந்தால்தான் கடுமையான நாளில் முழுப் பலத்தோடு மிதிக்க முடியும்.

லேசான வேகம் எது என்று அறிய கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தில் வரும் தோழியோடு நேற்றுப் பார்த்த சீரியல் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அது லேசு. மூன்று வார்த்தைக்கு மேல் வராவிட்டால் அது கடுமை. ஆத்தங்குடிப் பெண்ணுக்கு இதில் ஒரு சௌகரியம்: பள்ளிக்குப் போய்வருவதே லேசான பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். மணி அடிக்கப்போகிறதே என்று பறக்காமல், பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.

கடுமையான பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டு. முதல் இரண்டு வாரம் அதுவும் வேண்டாம். சுற்று எண்ணிக்கை பழகினால் போதும். மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒரு நிமிடம் பலமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று ஆறு தடவை. ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை நான்கு நிமிடம் பலமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று நான்கு தடவை. இந்த நான்குக்கு நான்கு முறையும் நார்வே ஆய்வுக்கூடங்களில் தேறியதுதான். முதல் நான்கு நிமிடத்தில் உயிரைக் கொடுத்துவிட்டு நான்காவதில் தள்ளாடினால் தப்பு. நான்காவதும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் லேசாக மிதிப்பதை விட்டுவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம், பேச்சு வேகத்தில், குன்றக்குடிப் பக்கமோ கானாடுகாத்தான் பக்கமோ ஒரு சுற்று. அண்ணனோ சித்தப்பாவோ கூட வந்தால் வீட்டிலும் நிம்மதி.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அந்தக் காற்று இலவச பயிற்சியாளர். கண்மாய்க் கரைப் பக்கம் திறந்தவெளியில் மேற்கே பார்த்துப் போனால் சமதளச் சாலையே மலையேற்றமாகிவிடும். அந்தப் பக்கம் போகும்போது பலமான நான்கு நிமிடங்கள், திரும்பி வரும்போது வேகச் சுற்றுகள். வேண்டிய இரண்டும் ஒரே சாலையில் கிடைக்கும். ஆறு, ஆறரை மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் வாட்டும். லாரிகள் ஓடும் மெயின் ரோட்டில் இந்தப் பயிற்சிகள் கூடவே கூடாது. தலையில் ஹெல்மெட் இல்லாமலும் கூடாது.

ஓய்வு நாளைப் பற்றி அப்பாவிடம் கேட்கலாம். ஆத்தங்குடிக் கல் எப்படித் தயாராகிறது என்று அவருக்குத் தெரியும். கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணங்களை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். அன்றைக்கே அதைத் தரையில் பதித்தால் உடைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறினால்தான் கல்லுக்கு உறுதி வரும். தசையும் அப்படித்தான். பலமான பயிற்சி அதைக் களைக்க வைக்கிறது; அதற்குப் பிறகு வரும் தூக்கத்திலும் லேசான நாள்களிலும்தான் அது முன்னைவிட உறுதியாகிறது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நள்ளிரவுவரை விழித்திருந்துவிட்டு விடிகாலையில் நான்குக்கு நான்கு ஓட்டினால் பலன் இருக்காது. அன்றைக்குத் தூங்கிவிடலாம்.

சோம்பலா, சோகையா?

சில பெண் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நேரம் குறையாது. சின்ன ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும், படபடக்கும். வீட்டில் ‘சோம்பேறி’ என்று பட்டம் கிடைக்கும். பல நேரங்களில் காரணம் ரத்தத்தில் இருக்கிறது. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது ஸ்டார்ட்டிங் லைனில் பத்துப் பெண்கள் நின்றால் அதில் ஆறு பேர், போட்டி தொடங்கும் முன்பே பின்தங்கியிருக்கலாம்.

பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது, புது டயர் மாட்டுவதைவிட முக்கியம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வாயில் வைத்து, பிறகு துப்பிவிடுவதாக ஆசிரியர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கலாம். உடனே டீ குடிக்கக் கூடாது. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, முட்டை என்று வீட்டில் கிடைப்பதே போதும். பவுடர் டப்பாக்களுக்குச் செலவழிக்க வேண்டாம். வெறும் வயிற்றில் பலமான பயிற்சி வேண்டாம். ஒரு வாழைப்பழமாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, பரணில் இருக்கும் சைக்கிளை இறக்க நினைக்கும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு எல்லாம் உங்களுக்கும் இதேதான். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மட்டும் பலமான பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். முதல் மாதம் முழுக்கப் பேச்சு வேகமே போதும்.

வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு வேகம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு பெரில் பர்ட்டன் கதையைச் சொல்லலாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்காரர். சிறு வயதில் வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். உடம்பை வருத்தும் வேலையே கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கணவர் சார்லி மூலம் சைக்கிளுக்கு வந்தார். கைக்குழந்தையோடு குடும்பம் நடத்தி, ருபார்ப் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, கடைசிவரை சம்பளம் வாங்காத அமெச்சூராகவே ஓட்டினார். ஏழு உலகப் பட்டங்கள் வென்றார். 1967 செப்டம்பரில் 12 மணி நேரப் போட்டி. ஆண்களும் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளம்பினார்கள். அன்றைக்கு ஆண்களில் புதிய சாதனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மைக் மெக்னமாராவை நெருங்கிவிட்டார் பெரில். முந்தும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். 12 மணி நேரத்தில் பெரில் கடந்த தூரம் 446 கிலோமீட்டர். ஆண்கள் சாதனையைவிட ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஓர் ஆண் அதைத் தாண்டினார். பெண்கள் சாதனையாக அது 2017 வரை, ஐம்பது ஆண்டுகள் நின்றது.

கடைசி வாரம்

பெரிலுக்கு 12 மணி நேரம். நம் பெண்ணுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டாவது வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். பயம் காரணமாக அந்த வாரத்தில்தான் பலர் கூடுதலாக ஓட்டிக் காலைக் கெடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செல்போன் மேப்பில் அளந்துவைத்த அதே 5 கிலோமீட்டரை ஓட்டி ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துவந்திருந்தால், போட்டியன்று எந்த எண்ணிக்கையில் சுற்ற வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும். 5 கிலோமீட்டரை 12 நிமிடத்தில் முடித்தவர் மணிக்கு 25 கிலோமீட்டரில் போயிருக்கிறார். 15 கிலோமீட்டருக்கு அதைவிட ஓரிரு சுற்று குறைத்துத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

விசில் ஊதியதும் முதல் ஒரு கிலோமீட்டரில் கூட்டம் பறக்கும். பறக்கட்டும். ஐந்தாவது கிலோமீட்டரில் அவர்களில் பாதிப் பேர் நாக்குத் தள்ளி வருவார்கள். தன் வேகத்தில் போகும் ஒருவர் முன்னால் கிடைத்தால், அவர் பின்னால் நேராக ஒட்டிக்கொள்ளலாம். காற்றை அவர் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்குக் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். விதி அனுமதிக்கிறவரை இது ஏமாற்று வேலை அல்ல. கொஞ்ச நேரம் நாமும் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வது மரியாதை. ஒரே எச்சரிக்கை: நம் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து நிற்கக் கூடாது. அவர் லேசாக விலகினாலே நாம் கீழே கிடப்போம். பள்ளிப் போட்டிகளில் கை கால் சிராய்ப்பதில் பெரும்பங்கு இதனால்தான்.

கடைசி 300 மீட்டரில் மிச்சம் வைக்க ஒன்றும் இல்லை. கோட்டைத் தாண்டியதும் பிரேக்கைப் பிடித்துக் குதித்துவிடாமல், ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து மூச்சை இறக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் வாங்கிய வயதுச் சான்றிதழை முதல் நாள் இரவே பையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் போய், எட்டு வாரப் பயிற்சியோடு வேடிக்கை பார்த்துத் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. கழற்றிய முன்கூடையின் ஸ்க்ரூக்களைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தால் தொலையாது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போக அது வேண்டும்.